இன்னொரு சொம்பு

எங்கள் மகள் நிர்மலாவின் நோய்க்குப் பெயர் கிடைத்த இடம் ஆஸ்பத்திரியின் குளியலறை. ஸ்கேன் அறையில் கிடைக்கவில்லை, டாக்டரின் மேஜையிலும் கிடைக்கவில்லை. அந்தக் குளியலறையில் ஒரு வாளி டீக்கடை வெந்நீர் இருந்தது, நான் இருந்தேன், என் கையில் சொம்பு இருந்தது. இதை நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வசந்தா. நாங்கள் எண்ணூர்க்காரர்கள். தொண்ணூறுகளின் கடைசியில், ஆளுக்கொரு போன் வராத காலத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் தனசேகர், திருவொற்றியூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். நிர்மலா ஒரே பெண். அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிச் சாம்பல் தெருவுக்குள் வந்துவிடும். கொடியில் காயப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து உதறாமல் யாரும் மடிக்கமாட்டார்கள். வெளியே ஆடிவிட்டு வரும் பிள்ளையின் முடிக்குள் விரலை விட்டால் நறநறவென்று இருக்கும். மற்ற ஊர்களில் பெண்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதான் தலைக்குத் தண்ணீர். எங்கள் தெருவில் தினமும். அதுவும் வெந்நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சாம்பல் போகாமல் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் அனுபவம். சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு அண்டா கொதிக்கும். பிள்ளைகளைப் பிடித்து இழுத்து வந்து, மூச்சு விட இடம் கொடுக்காமல் சொம்பு சொம்பாக ஊற்றுவோம். வடசென்னை என்றாலே 'கலீஜ்' என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து எங்கள் பிள்ளைகளின் தலையை மோந்து பார்க்க வேண்டும்.

மற்ற பிள்ளைகள் வெந்நீரைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும். நிர்மலா தானே வந்து மணைக்கட்டையில் குந்திக்கொள்வாள். "இன்னும் ஊத்தும்மா, இன்னொரு சொம்பு" என்பாள். சுத்தம் அவளுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது என்று பூத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் தலை துவட்டப் போகும்போது அவள் முகம் மாறியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாயோரத்தில் ஒரு சிரிப்பு. உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே, ஒரு கையால் பாவாடை ஓரத்தைப் பிசைந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தோளைப் பிடித்து உலுக்கினேன், எதற்கும் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மலங்க மலங்க விழித்தாள். "தூக்கம் வருதும்மா" என்று என் மேல் சாய்ந்துகொண்டாள். நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

பிறகு அடிக்கடி வந்தது. கை கால் இழுக்கவில்லை, வாயில் நுரை வரவில்லை. அதனால் வலிப்பு என்ற வார்த்தை எங்கள் ஒருவர் வாயிலும் வரவில்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி, அவள்தான் முதலில் சொன்னாள்.

"சாம்ப மண்டைக்குள்ள எறங்கிகினு கீது வசந்தா. அதான் கொயந்த இப்டி முய்க்குது."

எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. வெளியே ஆடிவிட்டு வந்தால்தானே வருகிறது. ஆகவே சாம்பலை இன்னும் நன்றாகப் போக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். தினமும் ஒரு வேளை ஊற்றியது இரண்டு வேளையானது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று, ஆடிவிட்டு வந்ததும் ஒன்று. வெந்நீரின் சூடும் ஏறியது. பார்வை மாறுவதும் கூடியது. கூடக் கூட நாங்கள் இன்னும் ஊற்றினோம். சாம்பல் விழும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வைத்தியம் இது.

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் கேட்டார், எப்போது வருகிறது என்று. "சாயங்காலம் வெளியே ஆடிட்டு வந்தப்புறம்" என்றோம். குளிக்கும்போது என்று சொல்லவேயில்லை. மறைக்கவில்லை, எங்கள் தெருவில் சாயங்காலம் என்றாலே குளியல்தான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். "சில பசங்க இப்படிப் பண்ணும்மா, கவனிக்கணும்னு. கண்டுக்காதீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் டானிக்கை வாங்காமலே வந்துவிட்டேன். என் பெண் பொய் சொல்வாள், மிட்டாய் விஷயத்தில். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அந்தக் கோடை விடுமுறைக்கு அவளைச் செங்கல்பட்டில் என் அக்கா சரோஜா வீட்டில் விட்டோம். அங்கே சாம்பல் இல்லை, புகைபோக்கி இல்லை, கிணற்றடியில் ஆட்டம். விடுமுறை முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. பெண் கன்னமெல்லாம் உப்பி, பார்க்கவே நன்றாக இருந்தாள். ஊருக்குத் திரும்பிய அன்றைக்கே, அண்டா வைத்துத் தலைக்கு ஊற்றி முடிப்பதற்குள், கண் மறுபடி எங்கேயோ போய்விட்டது.

விஷயம் தெரிந்து சரோஜா அக்கா பூத்துக்குப் போன் செய்தாள்.

"வசந்தா, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. பாப்பாவ இங்கயே கொண்டாந்து விட்டுடு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள இங்க சேத்துடறேன். நான் ரெண்டு பையனோட அவளையும் வளத்துட்டுப் போறேன். நீ லீவுக்கு லீவு வந்து பாத்துக்கோ."

நல்ல மனசோடு சொன்னாள். அதனால்தான் அவ்வளவு வலித்தது. எண்ணூரை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போகிற ஆள். அன்றைக்கு, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்தேன். வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஊர உட்டு நாமளும் பூடலாமா?" என்றார். பட்டறையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. பெண்ணை மட்டும் அனுப்புவது என்றுதான் பேச்சு நின்றது. அவளுடைய துணிகளைத் துவைத்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தேன்.

பெட்டியை மூடும்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "இந்த ஊரு காத்துதான் என் கொயந்தைய என்கிட்டர்ந்து பிரிக்குதுன்னா, அத்த ஒரு பெரிய டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அப்பால அனுப்பறேன்."

நகரத்துக்குள் இருந்த அரசு ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். செலவைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அது எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான். அந்த பெஞ்சுகளைப் பற்றி எழுதலாம். எவ்வளவு நகர்ந்து உட்கார்ந்தாலும் இன்னொரு தாய்க்கு இடம் இருக்கும். தூக்குச் சட்டியைத் திறந்தால் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒரு கவளம் போகும். மும்தாஜ் அக்கா தன் வேலையைப் போட்டுவிட்டு என் பூத்தில் உட்கார்ந்தாள். பட்டறைத் தோழர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வேலை முடிந்ததும் ஓடி வருவார். அந்த வாடை வார்டுக்குள் நுழைந்ததுமே நிர்மலா எழுந்து உட்கார்ந்து, "நைனா வந்துகினு கீது" என்பாள். சரியாக வந்துவிடுவார்.

வார்டைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் சுகந்தி என்ற அம்மா. குழந்தைகளின் மூளை, நரம்பு சம்பந்தமான டாக்டர். அவரிடம் படிக்கிற பையன் டாக்டர் ஒருவர் வந்து முதலில் என்னிடம் விவரம் கேட்டார்.

"ஆடிகினு வருவா சார். அப்டியே கண்ணு எங்கியோ பூடும். ஒதட்ட சப்புக்கொட்டிகினே பாவாடைய கசக்கிகினு இருப்பா. கூப்ட்டா காதுல வுயாது" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கினார். அடக்கட்டும். எனக்கு வேறு பாஷை தெரியாமல் இல்லை. பூத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்காகப் போனில் பேசியிருக்கிறேன். என் பெண்ணுக்கு வருவதை என் பேச்சில் சொன்னால்தான் எனக்குச் சரியாகச் சொல்ல வரும். சுகந்தி டாக்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவங்க சொல்ற மாதிரியே எழுதுப்பா" என்றார். அந்த நிமிஷமே அவர்மேல் எனக்கு நம்பிக்கை விழுந்துவிட்டது.

அவர்தான் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "இது வலிப்பா இருக்கலாம்மா. வலிப்புன்னா கை கால் இழுத்தே ஆகணும்னு இல்ல. மூளை தனக்குள்ள மின்சாரத்தாலதான் பேசிக்குது. அதுல ஒரு மூலையில மட்டும் கட்டுத் தவறிப் போனா, பிள்ளை சும்மா முழிச்சிட்டு நிக்கும், உதட்டச் சப்பும், சிரிக்கும். பாக்கறவங்க நடிக்குதுன்னு நினைப்பாங்க." எனக்குப் பயமும் வந்தது, உடனே தெருமுனை கிளினிக்குக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்ற வேகமும் வந்தது.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், மண்டைக்குள் படம் பிடிப்பது. கட்டி எதுவும் இல்லை. அடுத்தது இ.இ.ஜி. தலை முழுக்கப் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகளாக வரையும் கருவி. வலிக்காது. வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் பல பிள்ளைகளுக்குக் கோடு சுத்தமாகவே இருக்குமாம். நிர்மலாவுக்கும் சுத்தமாக இருந்தது. டாக்டருக்கு வேண்டியது, வரும்போது ஒரு தடவை கண்ணால் பார்ப்பது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. வார்டில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவதுதான் குளியல். தன் பிள்ளைக்கு வலிப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் எங்காவது உண்டா? நான் வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

"பாத்தியா, இங்க சாம்ப இல்ல, அதான் வரல" என்றார் வீட்டுக்காரர். மெதுவாகத்தான் சொன்னார். மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். தகரப் பெட்டி என் கண் முன்னால் வந்து நின்றது.

கிளம்புகிற காலையில் இரண்டாவது தடவையாக ஒரு இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சுத்தம். பெண் திரும்பி வந்தாள், தலையெல்லாம் வெள்ளைப் பசை, முடி கொத்துக் கொத்தாகக் காய்ந்து நிற்கிறது. நர்ஸ் அம்மா, "தேங்கா எண்ணெய் தடவிச் சீவிடுங்க, போயிடும்" என்றார். போயிடுமாம். முதல் தடவை வார்டுக்குள்தானே என்று அப்படித்தான் விட்டேன். எண்ணூர் பெண் ஒருத்தி தன் பிள்ளையை அந்தத் தலையோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாளா? வீட்டுக்காரரை கேட் எதிரே இருந்த டீக்கடைக்கு விரட்டினேன். ஒரு வாளி வெந்நீரை நியூஸ் பேப்பரால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். வார்டின் கடைசியில் இருந்த குளியலறையில் பெண்ணைக் குந்தவைத்து, சொம்பை முக்கினேன்.

பசை லேசில் விடவில்லை. நான் விடுகிற ஆள் இல்லை. அடுத்தடுத்து ஊற்றித் தேய்த்தேன். "இன்னும் ஊத்தும்மா" என்றாள். ஊற்றினேன். "இன்னொரு சொம்பு" என்றாள், குரல் குழறியது. குனிந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பு, அந்தப் பார்வை. உதடு சப்புக்கொட்டுகிறது.

"டாக்டர கூப்டு" என்று கத்தினேன். வெளியே நின்ற வீட்டுக்காரர் கத்திய சத்தம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரவுண்ட்ஸில் இருந்த சுகந்தி டாக்டர் ஓடி வந்தார். புடவையோடு அந்த ஈரத்தரையில் அப்படியே மண்டியிட்டார். உலுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லி, பெண்ணைப் பக்கவாட்டில் என் மடியில் சாய்த்தார். கண்ணைப் பார்த்தார், பாவாடையைப் பிசைந்த கையைப் பார்த்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நிர்மலா விழித்து, எங்களையெல்லாம் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு என் மாரில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளிக்குள் விரலை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"இதையா குழந்தை தலையில ஊத்துனீங்க?"

"ஆறிப்போன தண்ணி டாக்டரம்மா. டீக்கடைலர்ந்து வர்றதுக்குள்ள ஆறிப்பூட்ச்சி. வூட்ல இன்னும் சுருக்குனு ஊத்துவோம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "வீட்ல தினமும் தலைக்கு வெந்நீரா?"

"தெனமும். சாம்ப வுயுதில்ல, டாக்டரம்மா. இப்ப ரெண்டு வேள."

"அக்கா வீட்ல வரலன்னு சொன்னீங்களே, அங்க எப்படி?"

இதற்கு வாசலில் நின்ற வீட்டுக்காரர் பதில் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, தானே தனக்குச் சொல்லிக்கொள்வது மாதிரி. "அங்க கெணத்துத் தண்ணி. பச்சத் தண்ணி. தலைக்கு வெள்ளிக்கெயம மட்டுந்தான்."

டாக்டர் சிரித்தார். சந்தோஷத்தில் சிரித்தார் என்று சத்தியம் செய்வேன்.

"இதுக்கு வெந்நீர் வலிப்புன்னு பேரும்மா" என்றார்.

அப்படி ஒன்று இருக்கிறதாம். நம் தென்னிந்தியாவில், சொம்பால் தலைக்கு ஊற்றிக் குளிக்கிற பக்கங்களில் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்களாம். எல்லாப் பிள்ளைக்கும் வராது. சில பிள்ளைகளின் மூளைக்கு, தலையில் சூடான தண்ணீர் வேகமாக, விடாமல் விழுந்தால் அந்த மின்சாரம் கட்டுத் தவறிவிடும். பச்சைத் தண்ணீருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்றும் சொன்னார். சில பிள்ளைகளுக்கு அது வரப்போகும்போது ஒரு சுகம் தெரியுமாம். அதனால் இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று கேட்குமாம். நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட சுத்தம் அதுதான்.

"அப்ப நாதான் டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஊத்துனதால வந்த நோய் இல்ல இது. நோய் உள்ள இருந்துச்சு. நீங்க ஊத்துனதாலதான் இன்னைக்கு என் கண்ணுல பட்டுச்சு" என்றார்.

ஆகவே நான் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அடித்துக்கொள்வதாக இல்லை.

கண்ணால் பார்த்தது போதாது, கருவியும் சொல்லட்டும் என்று இன்னொரு நாள் இருக்கச் சொன்னார். மறுபடி தலையெல்லாம் கம்பி. பக்கத்தில் மருந்தோடு நர்ஸ் அம்மா. இந்தத் தடவை வெந்நீரில் நனைத்த துண்டைக் கம்பிகளுக்கு மேலே அவள் தலையில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். என்னையே போடச் சொன்னார் டாக்டர். வீட்டுச் சூடு என் கைக்குத்தான் தெரியும் என்றார். தாளில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த முள், ஒரு பக்கம் மட்டும் கிறுக்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிய பையன் டாக்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, "உங்க வீட்ல தண்ணி எப்படிக் காய்ச்சுவீங்கன்னு முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார். அண்டா வைப்பதிலிருந்து சொன்னேன். என் பாஷையில்தான் சொன்னேன்.

வைத்தியம் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முதலில் உடம்புக்கு ஊற்றி, கடைசியில் தலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலைக்குக் குளிக்கிற நாட்களில் குளிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன மாத்திரை. குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. வேறு விதமாக வலிப்பு வந்தால் தாமதிக்காமல் வர வேண்டும், வராவிட்டாலும் சொன்ன நாளில் வந்து காட்ட வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை குளிக்கும்போது இப்படிப் பார்வை நிலைத்து நின்றால், நடிக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டாக்டரிடம் போய், எப்போது வருகிறது என்பதோடு, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

டாக்டர் போன பிறகு நிர்மலா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப நா பெரிம்மா வூட்டுக்கு போவ வேணாமா?"

அந்தப் பேச்சை அவள் காதில் விழாமல் பேசியதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பெட்டியில் அவள் துணி போனதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ எங்கியும் போவ வேணாம்" என்று சொல்லி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப எண்ணூர் காத்து இல்லையா?" என்றாள்.

"இல்லக்கா. எண்ணூர் வெந்நீர்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள். சாம்பலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இருமுகிற பிள்ளைகள் எங்கள் தெருவில் உண்டு, அதற்கு அது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். செய்யாததை மட்டும் அதன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலமும் காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. நிர்மலா ஆடிவிட்டு வந்தாள், முடியில் நறநற. மாத்திரை கொடுத்துக் காத்திருந்தேன். மும்தாஜ் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் முழங்கையை விட்டுப் பார்த்து, "இது போதும், ஊத்து" என்றாள். முதலில் உடம்புக்கு ஊற்றினேன். பிறகு தலைக்கு. ஒரு சொம்பு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"இன்னும் ஊத்தும்மா" என்றாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. சொம்பை வைத்துவிட்டு முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். இரண்டு கண்ணும் என்னைத்தான் பார்த்தன. ஒன்றை இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சோப்பு கண்ணுல எரியுதும்மா. ஜல்தியா ஊத்து."

சொம்பை எடுத்து ஊற்றினேன்.